எட்டுப் போடும் மைதானமும் என் மீசையும்

ஜூலை 3, வியாழன்

இந்த நோட்டு எனக்கானது அல்ல. என் நண்பர் ஒருவருக்கானது. அதை முதல் வரியிலேயே எழுதி வைத்துவிடுகிறேன்.

என் பெயர் வீரபுத்திரன். வயது நாற்பத்தாறு. தேனியில் ‘வீரா டிரைவிங் ஸ்கூல்’ நடத்துகிறேன். கார் ஒன்று, மாணவர்கள் ஒன்பது பேர், மீசை ஒன்று. ஸ்கூல் போர்டில் காரையும் என்னையும் வரையச் சொன்னேன். வரைந்தவன் காரைவிட மீசையைப் பெரிதாகப் போட்டுவிட்டான். மாற்றித் தரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

என் மச்சினன் திருமலை அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறான். “வாங்க மச்சான், ஒரு சுகர் டெஸ்ட் எடுத்துருவோம்” என்று இன்று காலை கூட்டிப்போனான். ரத்தம் எடுக்கும் பக்கம் போகாமல் மாடிக்கு ஏற்றினான். அங்கே ஒரு கதவில் தாள் ஒட்டியிருந்தது: ‘சூதாட்டப் பழக்கத்திலிருந்து விடுபட ஆலோசனை. வியாழன்தோறும் காலை 11 மணி.’

“என்னடா இது?”

“சும்மா உக்காந்து கேளுங்க மச்சான். ஊசியெல்லாம் கெடையாது.”

“நான் சூதாடுறேனா? பந்தயம் கட்டுறேன்டா. சூது வேற, பந்தயம் வேற.”

“என்ன வித்தியாசம்?”

வித்தியாசம் இருக்கிறது. சூது உட்கார்ந்து ஆடுவது. பந்தயம் நின்றுகொண்டு கட்டுவது. இதைச் சொன்னேன். திருமலை என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டான்.

உள்ளே ஆறு ஆண்கள். ஆலோசகர் மெர்லின் மேடத்துக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஏன் வந்தீர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். ஓய்வுபெற்ற ஏட்டு சங்கரபாண்டியன் முதலில் எழுந்தார். அவருடைய நண்பர் ஒருவர் போனில் ரம்மி ஆடுகிறாராம். அவருக்காக விசாரித்துவிட்டுப் போக வந்தாராம். அடுத்தவர் நகைக்கடை சேல்ஸ்மேன். அவருக்கும் ஒரு நண்பர். அதற்கடுத்தவருக்கும். என் முறை வந்தபோது எனக்கும் ஒரு நண்பர் இருந்தார்.

மெர்லின் மேடம் சிரிக்கவில்லை. “சரிங்க. ஆளுக்கொரு நோட்டு தர்றேன். தினமும் நடந்தத எழுதச் சொல்லிக் குடுங்க. பொய்யா எழுதுனாலும் பரவால்ல. எழுதணும், அவ்வளவுதான்.”

என் நண்பருக்கு எழுத்து வேலை ஒத்துவராது. அதனால் அவருக்குப் பதிலாக நான் எழுதுகிறேன்.

ஜூலை 4, வெள்ளி

லைசென்ஸ் டெஸ்ட் நாள். செவ்வாயும் வெள்ளியும் டெஸ்ட் நடக்கும். மைதானத்துக்கு எதிரே இப்ராகிம் டீக்கடை. அங்கேதான் எங்கள் சபை.

விஷயம் இதுதான். டூவீலர் லைசென்ஸுக்கு வருகிறவர்கள் மைதானத்தில் எட்டுப் போட வேண்டும். கால் தரையில் பட்டால் ஃபெயில். கால் படுமா, படாதா? இதில்தான் பந்தயம். இதற்கு அறிவு வேண்டும். செருப்பைப் பார்க்க வேண்டும், தோளைப் பார்க்க வேண்டும். நாக்கைக் கடித்துக்கொண்டு வருகிறவன் நிச்சயம் காலை ஊன்றுவான். சாமி கும்பிட்டுவிட்டு வண்டி எடுப்பவன் முதல் வளைவைத் தாண்டுவான், இரண்டாவதில் விழுவான். இருபது வருட அனுபவத்தில் சொல்கிறேன்.

இன்று இரண்டு முறை தோற்றேன். எழுந்து போயிருக்கலாம். எழுந்தும்விட்டேன். அப்போது ஒச்சப்பன் கேட்டான்: “என்ன மாப்ள, வீட்ல தேடுவாகளோ?”

ஒச்சப்பன் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன், மீசையில் என்னைவிட அரை அங்குலம் கூட. அவன் அப்படிக் கேட்ட பிறகு எழுந்து போகிறவன் ஆண்பிள்ளையா? உட்கார்ந்தேன். மூன்றாவதும் தோற்றேன்.

வீட்டில் யாரும் தேடவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

என் மனைவி செண்பகவல்லி இட்லி மாவு அரைத்து விற்கிறாள். நாற்பது வீடு வாடிக்கை. மாவு விற்ற காசில் போன வருடம் ஒரு ஸ்கூட்டர் வாங்கினாள். அதில் நான்தான் மாவு கொண்டுபோய்க் கொடுப்பேன். அவளுக்கு ஓட்டத் தெரியாது. டிரைவிங் ஸ்கூல்காரன் பெண்டாட்டிக்கு வண்டி ஓட்டத் தெரியாதா என்று சிலர் கேட்பார்கள். ஆம்பளை நான் இருக்கும்போது அவள் எதற்கு ஓட்ட வேண்டும் என்று திருப்பிக் கேட்பேன். அவர்கள் பேசாமல் போய்விடுவார்கள். பதில் தெரியாததால்தான் என்று நினைக்கிறேன்.

ஸ்கூட்டர் மூன்று வாரமாக வீட்டில் இல்லை. சர்வீஸில் இருக்கிறது என்று செண்பகத்திடம் சொல்லியிருக்கிறேன். முதல் வாரம் ஆயில் மாற்றுகிறார்கள் என்றேன். இரண்டாவது வாரம் என்ஜினைப் பிரித்துவிட்டார்கள் என்றேன். போன வாரம் வேறு ஒன்றும் தோன்றாமல், ஜப்பானிலிருந்து ஒரு நட்டு வர வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

“நட்டு வந்துருச்சா?” என்று இன்று காலையிலும் கேட்டாள்.

“கப்பல்ல வருதாம்.”

“பெரிய நட்டுதான் போல” என்றாள்.

அதனால் இப்போது ஸ்கூல் காரில்தான் மாவு போகிறது. மாணவர்களுக்கும் பயிற்சி ஆகிறது. அமலா மேடம் நூலகத்தில் வேலை பார்க்கிறார். கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறார். “இண்டிகேட்டர் போடுங்க, ஓரமா நிறுத்துங்க, நியூட்ரல், ஹேண்ட் பிரேக், ரெண்டு கிலோ மாவு” என்று வரிசையாகச் சொல்லுவேன். அவர் இறங்கிக் கொடுத்துவிட்டு வருவார். டெஸ்ட்டிலும் மாவு கொடுக்கச் சொல்வார்களா என்று ஒரு நாள் கேட்டார்.

டெஸ்ட் நாட்களில் மட்டும் எனக்கு டீக்கடையில் வேலை இருப்பதால் செண்பகம் தூக்குவாளியோடு நடந்து போகிறாள். நடப்பது உடம்புக்கு நல்லது.

ஜூலை 7, திங்கள்

ஒன்றும் விசேஷமில்லை. ஸ்கூட்டர் பத்திரமான இடத்தில்தான் இருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

ஜெயித்தேன்! வரிசையாக ஐந்து! ஐந்தாவது ஆள் மூக்குக்கண்ணாடியை மூன்று முறை துடைத்தான். அப்போதே சொன்னேன், இவன் ஊன்றுவான் என்று. ஊன்றவில்லை, வண்டியோடு குட்டிக்கரணமே போட்டான். பாவம், அடி ஒன்றும் இல்லை. ஒச்சப்பன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஒன்றரைக் கிலோ ஆட்டுக்கறி வாங்கிப்போய்ச் செண்பகத்திடம் கொடுத்தேன். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, “இன்னைக்கு நல்ல வருமானம்” என்றேன். அவள் கறியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கறியை அடுப்படியில் வைத்துவிட்டு மாவு அரைக்கப் போய்விட்டாள். ஜெயித்துவிட்டு வரும் ஆணை வீட்டில் எப்படி வரவேற்க வேண்டும் என்று பெண்களுக்குத் தெரிவதில்லை.

சாயங்காலம் மைதானம் காலி. கைகள் சும்மா இருக்கவில்லை. ரோட்டோரம் இரண்டு எருமைகள் படுத்திருந்தன. எது முதலில் எழுந்து ரோட்டைக் கடக்கும் என்று ஒச்சப்பன் கேட்டான். நான் கொம்பு வளைந்ததைச் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் இரண்டும் அசையவில்லை. தூறல் விழுந்தது. இப்ராகிம் கடையைச் சாத்திவிட்டுப் போனார். நாங்கள் நனைந்துகொண்டு எருமைகளுக்கு முன்னால் நின்றோம். கடைசியில் என் எருமைதான் முதலில் எழுந்தது. எழுந்து, திரும்பி, வந்த வழியே வீட்டுக்குப் போய்விட்டது.

காலையில் ஜெயித்ததில் கறி மட்டும் மிச்சம்.

ஜூலை 10, வியாழன்

மருத்துவமனை. நண்பருக்காக.

உள்ளே போனதும் கதவருகே புதிதாக ஒருவர் தினசரியை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். தினசரி தலைகீழாக இருந்தது. தாளின் இரண்டு ஓரத்திலும் மீசை நுனி தெரிந்தது. அந்த மீசையை எனக்கு நன்றாகத் தெரியும். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

மெர்லின் மேடம் புதியவரைப் பேசச் சொன்னார். தினசரிக்குப் பின்னாலிருந்து ஒச்சப்பன் குரல் வந்தது:

“எனக்கொண்ணும் இல்ல மேடம். என் சேக்காளி ஒருத்தன். டிரைவிங் ஸ்கூல் வச்சுருக்கான். தங்கமான பய. ஆனா பந்தயம்னா பொண்டாட்டி வண்டியவே அடகுல வச்சுட்டான். அந்தப் பிள்ள வாளியத் தூக்கிக்கிட்டு ரோட்ல நடந்து போகுது. பாக்கச் சகிக்கல மேடம்.”

நான் எழுந்துவிட்டேன். “எனக்கும் ஒரு சேக்காளி இருக்கான் மேடம்! லாரி புக்கிங் ஆபீசு வச்சுருக்கான். இவனுக்குச் சொந்தமா ரெண்டு லாரி இருந்துச்சு. இப்ப எங்கன்னு கேளுங்க!”

தினசரி கீழே இறங்கியது. ஒச்சப்பன் என்னைப் பார்த்தான். நான் ஒச்சப்பனைப் பார்த்தேன். ஏட்டு ஐயா இருமினார்.

“ரெண்டு பேரோட நண்பர்களும் நல்லா பழகுவாங்க போல” என்றார் மெர்லின் மேடம்.

வெளியே வந்ததும் மாடிப்படியில் பேசி முடிவு செய்தோம். இருவரும் சுகர் டெஸ்ட்டுக்கு வந்தோம். யார் கேட்டாலும் அவ்வளவுதான்.

அடகு என்று ஒச்சப்பன் சொன்னது பெரிய வார்த்தை. ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அதற்குப் பெயர் என்னவோ இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூலை 11, வெள்ளி

இனி பந்தயமே கிடையாது என்று நானும் ஒச்சப்பனும் டீக்கடையில் கை அடித்துக்கொண்டோம்.

“நெசமாத்தான மாப்ள?” என்றான்.

“ஆம்பள சொன்னா சொன்னதுதான்.”

“நீதான் மொதல்ல ஒடப்ப.”

“நீதான்டா.”

“ஐந்நூறு?”

“ஐந்நூறு!”

கொஞ்ச நேரம் கழித்துத்தான் இருவருக்கும் உறைத்தது. இப்ராகிம் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

ஜூலை 13, ஞாயிறு

பந்தயம் கட்டி இரண்டு நாள் ஆகிறது. உள்ளங்கையில் சும்மா ஒரு அரிப்பு. காலையில் குக்கர் எத்தனை விசில் அடிக்கும் என்று எனக்குள்ளேயே ஒரு பந்தயம். நான்கு என்று நான் சொன்னேன், ஐந்து என்று நானே எதிர்த்துச் சொன்னேன். மூன்றாவதில் செண்பகம் அடுப்பை அணைத்துவிட்டாள். “ஏன் அணச்ச?” என்று கத்திவிட்டேன்.

“பருப்பு வெந்துருச்சு” என்றாள்.

எனக்கே நான் தோற்றால் காசு யாருக்கு என்று மத்தியானம் வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 14, திங்கள்

செண்பகம் கொஞ்ச நாளாக மத்தியானத்தில் ஒரு மணி நேரம் வெளியே போகிறாள். ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருக்கிறாளாம். இன்று முழங்கையில் சிராய்ப்போடு வந்தாள். தையல் கடையில் எப்படிச் சிராய்க்கும்? கேட்டேன்.

“அளவு எடுக்கும்போது” என்றாள்.

தையல்காரரை மாற்றச் சொல்ல வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

இன்று எழுத வேண்டாம் என்று பார்த்தேன்.

அமலா மேடத்துக்கு இன்று கார் டெஸ்ட். மேட்டில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும். என் காரின் ஹேண்ட் பிரேக் பழசு. முதலில் ஒரு இழுப்பு, பிறகு கொஞ்சம் இறக்கி மறுபடி ஒரு இழுப்பு இழுத்தால்தான் பிடிக்கும். பயிற்சியின்போது மேட்டில் மட்டும் அதை நானே போட்டுவிடுவேன். டெஸ்ட்டுக்கு முன்னால் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது வழக்கம்.

காலையில் டீக்கடையில் ஒச்சப்பன், “இன்னைக்கு உன் லைப்ரரி அம்மா தேறுமா?” என்றான். பந்தயம் என்று அவன் சொல்லவில்லை. நான்தான், “தேறாது, எவ்வளவு?” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஜெயிப்பது உறுதி என்று தோன்றியது. இத்தனை நாளில் உறுதியாக ஜெயிக்கக்கூடிய ஒன்று அதுதான்.

பிறகு மைதானத்துக்குப் போனேன். அமலா மேடம் முருகன் படம் ஒன்றை டேஷ்போர்டில் வைத்துவிட்டு, “வேற எதுவும் ஞாபகம் வச்சுக்கணுமா சார்?” என்று கேட்டார்.

“ஒண்ணும் இல்லம்மா” என்றேன்.

மேட்டில் வண்டி பின்னால் உருண்டது. இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். அமலா மேடம் இறங்கி வந்து, “மன்னிச்சிருங்க சார். நீங்க இவ்வளவு சொல்லிக் குடுத்தும் என்னால முடியல” என்றார்.

ஜெயித்தேன். ஒச்சப்பன் நோட்டை நீட்டினான். வாங்கிக்கொண்டேன். மத்தியானம் சாப்பிடவில்லை. வெயில் அதிகம், அதனால்தான்.

ஜூலை 17, வியாழன்

மெர்லின் மேடம் இன்று ஒரு விசித்திரமான கேள்வி கேட்டார். “உங்க நண்பர்கள் கடைசியா எப்ப அழுதாங்க?”

எல்லோரும் ஃபேனைப் பார்த்தோம். இத்தனை பேர் இவ்வளவு நேரம் பார்த்தது அந்த ஃபேனுக்கு இதுவரை நடந்திராது.

நகைக்கடைக்காரர், தன் நண்பர் பிறந்தபோது அழுததாகக் கேள்விப்பட்டதாகச் சொன்னார். ஒச்சப்பன், தன் நண்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வரும் வியாதி ஒன்று உண்டு, அது கணக்கில் வராது என்றான். ஏட்டு ஐயா, “போலீஸ்ல அதுக்கு லீவு கெடையாதுங்க” என்றார்.

“சரி, தோத்துட்டு வர்ற அன்னைக்கு வீட்ல என்ன சொல்லுவாங்க?”

“ஒண்ணும் சொல்ல மாட்டாக” என்றேன். “சொன்னா என்ன ஆகும்? தோத்தத எப்படியாச்சும் அங்கனயே எடுத்துறணும். எடுத்துட்டா அப்புறம் சொல்றதுக்கு எதுவும் இல்லைல்ல?”

“எடுத்துருக்காரா, உங்க நண்பர்?”

பதில் சொல்ல எழுந்தேன். எருமை ஞாபகம் வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

டீக்கடைக்குப் போக வேண்டாம் என்றுதான் கிளம்பினேன். கால் போய்விட்டது. ஒச்சப்பன் இருந்தான். கூட்டத்தில் இன்னும் நாலைந்து பேர். சும்மா பார்ப்போம் என்று நின்றேன்.

முதல் மூன்று பேரை மனதுக்குள்ளேயே சரியாகச் சொன்னேன். ஊன்றுவான், ஊன்ற மாட்டான், ஊன்றுவான். மூன்றும் சரி! ஒரு பைசா கட்டவில்லை. எரிச்சலாக இருந்தது. நல்ல மழையில் பாத்திரம் வைக்காத மாதிரி.

அப்போது பானுமதியம்மா ஸ்கூலின் ஊதா நிற ஸ்கூட்டர் மைதானத்துக்குள் வந்தது. பெண்களுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கும் பள்ளி அது. என் போட்டி. வண்டியில் தலைக்கவசம் போட்ட ஒரு அம்மாள், சுடிதாரில், விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

“மூணே விநாடி. கால ஊண்டும்” என்றேன். வாய் தானாகச் சொன்னது.

“ஊண்டாது” என்றான் ஒச்சப்பன். “என்ன வைக்கிற?”

சட்டைப் பையைத் தடவினேன். ஒன்றும் இல்லை.

“காசு இல்லைன்னா போ மாப்ள, வீட்ல தேடுவாக” என்று கூட்டத்தில் ஒருவன் சிரித்தான்.

“மீசைய வைக்கிறேன்டா!” என்றேன். டீ ஆற்றிக்கொண்டிருந்த இப்ராகிம் கையைத் தூக்கியபடியே நின்றார்.

விசில் ஊதினார்கள். வண்டி கிளம்பியது. முதல் வளைவு. ஒன்று, இரண்டு, மூன்று... கால் ஊன்றவில்லை. வண்டி ஆடியது, பிடித்துக்கொண்டது. தோள் விறைப்பு தளரவில்லை. இரண்டாவது வளைவில் நிச்சயம் என்று பாதத்தைப் பார்த்தேன். இடது செருப்பின் வார் அறுந்து, அதில் ஒரு ஊக்கு குத்தியிருந்தது.

அந்த ஊக்கைக் குத்தியது நான். போன மாதம். வேறு செருப்பு வாங்கித் தருகிறேன் என்று சொல்லி.

செண்பகம்!

அதன் பிறகு நடந்தது எனக்கு முழுதாக நினைவில்லை. ரோட்டைத் தாண்டிக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வண்டி இரண்டாவது வளைவில் சாயத் தொடங்கியது. அவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருடமாக ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் நான் சொல்வதை அவளுக்கு ஒரு நாளும் சொன்னதில்லை.

“செம்பகம்! கீழ பாக்காத! தூரமாப் பாரு! ஆக்சிலேட்டர விடாத, விடாத! தோளத் தளத்து!”

ஊரே திரும்பிப் பார்த்தது. அவள் தலை நிமிர்ந்தது. வண்டி நிமிர்ந்தது. வளைவு முடிந்து எட்டு பூர்த்தியாகி, ஊதா வண்டி கோட்டைத் தாண்டி நின்றது. அப்போதுதான் காலை ஊன்றினாள்.

பின்னால் ஒச்சப்பன் வந்து நின்றான். “மாப்ள, நீ ஊண்டும்னுதான கட்டுன? அப்புறம் எதுக்கு ஊண்டாம ஓட்டச் சொல்லிக் குடுத்த?”

கண்ணில் என்னவோ. வேலிக் கம்பியில் துரு, அது விழுந்திருக்கும் என்று சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே இரண்டு கண்ணிலிருந்தும் கொட்டியது. கன்னம், மீசை எல்லாம் நனைந்தது. மூக்கும் சேர்ந்துகொண்டது. நிறுத்தவே முடியவில்லை. டீக்கடை சபை முழுவதும் ரோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் என்னைச் சுற்றி நின்றது. ஒருவன் விசிறினான். ஒருவன் சோடா கொண்டுவந்தான். சோடா அழுகைக்கு எதற்கென்று தெரியவில்லை, குடித்தேன்.

செண்பகம் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் வேர்வை. விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

“விடு தங்கச்சி” என்றான் ஒச்சப்பன் பெருந்தன்மையாக. “மீசை இருக்கட்டும். நாங்க விட்டுக் குடுத்துட்டோம்.”

“அதெப்படிண்ணே?” என்றாள் செண்பகம். “ஆம்பள சொன்னா சொன்னதுதான? எடுத்துட்டு வரட்டும்.”

பிறகு என்னிடம் மெதுவாக, “எடுத்துட்டு நேரா வீட்டுக்கு வாங்க. பேசணும்” என்றாள்.

ஜூலை 19, சனி

மேலுதட்டில் காற்று படுகிறது. இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு.

கண்ணாடியில் என் சித்தப்பா மகள் மாதிரி இருக்கிறேன். காலையில் பால்காரர் என்னிடமே “அண்ணன் இல்லையா?” என்று கேட்டார். இரண்டு மாணவர்கள் ஸ்கூல் வாசல் வரை வந்து, போர்டைப் பார்த்து, என்னைப் பார்த்து, திரும்பிப் போனார்கள். காப்பி குடித்தபின் துடைக்க ஒன்றும் இல்லாமல் விரல் வெறும் உதட்டில் போய் வருகிறது.

நேற்றுப் பேசியதையும் எழுத வேண்டும். ஸ்கூட்டர் எங்கே இருக்கிறது என்று செண்பகத்துக்கு முதல் வாரத்திலேயே தெரியும். அடகுக்கடைக்காரர் வீட்டில் தினமும் ஒரு கிலோ மாவு வாங்குகிறார்கள். அந்த வீட்டு மருமகள், “உங்க வண்டி எங்க வீட்லதான்க்கா நிக்கிது, மழையில நனையாம பாத்துக்கிறோம்” என்று ஆறுதல் சொல்லியிருக்கிறாள்.

“அப்புறம் ஏன் தினமும் நட்டு வந்துருச்சான்னு கேட்ட?”

“என்னைக்காச்சும் ஒரு நாள் உண்மைய சொல்லிருவீகளோன்னுதான்” என்றாள். “தினமும் ஒரு வாய்ப்பு குடுத்தேன்.”

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். அதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

“வண்டி போனதுகூட இல்லங்க. நான் வாளியத் தூக்கிட்டுப் போறப்ப டீக்கடைய தாண்டித்தான் போவேன். எருமைய பாத்துக்கிட்டு நிப்பீக. என்னைய ஒரு நாளும் பாத்ததில்ல.”

பானுமதியம்மாவிடம் சேர்ந்தது வண்டி திரும்பி வந்தால் தானே ஓட்டுவதற்காம். வராவிட்டாலும் ஓட்டத் தெரிந்திருக்கட்டும் என்றாள். நான் இல்லாவிட்டாலும் என்று அவள் சொல்லவில்லை. எனக்குக் கேட்டது.

ஜூலை 22, செவ்வாய்

டெஸ்ட் நாள். மைதானத்துக்குப் போகவில்லை. நூலகத்துக்குப் போனேன்.

அமலா மேடம் முதலில் அடையாளம் தெரியாமல், உறுப்பினர் அட்டை இருக்கிறதா என்று கேட்டார். ஹேண்ட் பிரேக் விஷயத்தைச் சொன்னேன். பந்தயத்தையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் ஒரு புத்தகத்தை அடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“என் மேல எனக்கே நம்பிக்கை போயிருச்சு சார். ஒரு வாரமா” என்றார்.

கட்டணம் முழுவதையும் திருப்பித் தருகிறேன், மறுபடி இலவசமாகக் கற்றுத் தருகிறேன் என்றேன். கட்டணத்தை வாங்கிக்கொண்டார். கற்றுக்கொள்ள பானுமதியம்மாவிடம் போகிறாராம். “கோபமா இருக்கீங்களாம்மா?” என்று கேட்டேன்.

“ஆமா” என்றார். “சத்தம் போடாதீங்க, இது லைப்ரரி.”

ஜூலை 24, வியாழன்

மெர்லின் மேடம் கேட்கும் முன்பே எழுந்தேன்.

“நண்பர் யாரும் இல்ல மேடம். நான்தான். பொண்டாட்டி வண்டிய அடகு வச்சேன். எங்கிட்ட படிச்சவங்களையே தோக்க வச்சுப் பந்தயம் கட்டினேன். எந்திரிச்சுப் போனா பொட்டைன்னு நெனப்பாய்ங்கன்னு பயந்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.”

சொன்னபின் ஏதாவது இடி விழும் என்று காத்திருந்தேன். ஃபேன் சுற்றியது. ஏட்டு ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, “ரம்மி ஆடுறது நான்தாங்க. பென்ஷன் பணம்” என்றார். நகைக்கடைக்காரர் கையைத் தூக்கினார். அப்படியே வரிசையாக ஒவ்வொருவரும். ஒச்சப்பன் மட்டும் கடைசிவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் திடீரென்று, “லாரி ரெண்டுமே போச்சு மேடம், ஆபீசு சும்மா தொறந்து வச்சுருக்கேன், போன் வந்தா எடுக்கக்கூடப் பயமா இருக்கு” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நான் நகர்ந்து அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. முதுகில் தட்டினேன். லாரிக்கு டயர் பார்ப்பது போலத் தட்டினேன் என்று பிற்பாடு சொன்னான்.

குணமாகிவிட்டேன் என்றெல்லாம் இல்லை. வரும் வழியில் இரண்டு ஆட்டோக்கள் சிக்னலில் நின்றபோது எது முதலில் கிளம்பும் என்று மனம் ஓடியது. அதையும் மேடம் சொன்னபடி எழுதிவிட்டேன். பச்சை விழுந்ததும் ஆட்டோக்களைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். பின்னால் வந்த பஸ்காரர் திட்டினார். கார் ஓட்டும்போது கண்ணை மூடக்கூடாது, வேறு வழி பார்க்க வேண்டும்.

ஜூலை 27, ஞாயிறு

ஸ்கூட்டரை இன்று மீட்டோம். பாதி செண்பகத்தின் சீட்டுப் பணம், பாதி நான் ஸ்கூலின் பழைய பீரோவையும் ஏசியையும் விற்றது. இனி வரவு செலவு அவள் கையில். சாவியும் அவள் கையில்.

அடகுக்கடை வாசலில் வண்டியில் ஏறி உட்கார்ந்து, “ஏறுங்க” என்றாள்.

நான் வண்டியின் பின் இருக்கையில் உட்கார்ந்து எத்தனை வருடம் ஆகிறதென்று நினைவில்லை. ஏறினேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைமேல் வைத்துக்கொண்டேன், போட்டோவுக்கு உட்காருகிறவர் மாதிரி. வண்டி கிளம்பியது. மார்க்கெட் ரோடு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். எதிரே கறிவேப்பிலை வண்டி, குறுக்கே ஒரு கன்றுக்குட்டி, பக்கத்தில் உறுமிக்கொண்டு ஒரு லாரி. என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து வலிக்கத் தொடங்கியது. “ஹார்ன் அடி”, “லெப்ட்ல ஒதுங்கு”, “பாத்து, பாத்து” என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பத்தாவது “பாத்து”வில் வண்டியை ஓரம் கட்டிவிட்டாள்.

“என்னங்க, நான் ஓட்டுறது வெக்கமா இருக்கா?”

கொஞ்சம் யோசித்தேன். இந்த நோட்டில் எழுதுகிற மாதிரியே சொல்லிவிடுவோம் என்று தோன்றியது.

“வெக்கமில்ல செம்பகம். பயமா இருக்கு.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். மீசை இல்லாத முகத்தை அவ்வளவு கிட்டத்தில் இன்னும் அவள் பார்த்திருக்கவில்லை.

“எனக்குந்தான்” என்றாள். “கையத் தொடையில வச்சுக்கிட்டு இருந்தா எப்படி? புடிச்சுக்கங்க.”

நடு மார்க்கெட்டில், ஊர் பார்க்க, பிடித்துக்கொண்டேன்.